கூட்டுத் தோட்டமும் கைபேசிச் செயலியும்

ஒரு குடும்பம் தன் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவதற்கும், இருபது குடும்பங்கள் ஒன்று சேர்ந்து ஒரே நிலத்தில் பயிரிடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கொல்லையில் தவறு நேர்ந்தால் நஷ்டம் அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடும். கூட்டுத் தோட்டத்திலோ, ஒருவர் ஊற்ற மறந்த தண்ணீரால் மற்றொருவருடைய நாற்று வாடுகிறது. ஒருவர் அவசரப்பட்டுத் தெளித்த மருந்து காற்றில் மிதந்து சென்று அடுத்த பாத்தியிலுள்ள கீரையின்மேல் படிகிறது. அந்தக் கீரை அன்று மாலையே ஒரு குழந்தையின் உணவாகிறது.

இத்தகைய தோட்டங்கள் இன்று நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. பெரு நகரங்களில் அடுக்கு மாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளிலும், காலி மனைகளிலும் அண்டை வீட்டார் சேர்ந்து காய்கறி விளைவிக்கின்றனர். கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்த மகளிர் குழுக்கள் குத்தகை நிலங்களில் கூட்டாகப் பயிர் செய்கின்றன. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசாங்கத்தின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது.

தோட்டம் நிலைப்பதற்கு மண், விதை, தண்ணீர் ஆகிய மூன்றோடு வேறு இரண்டும் வேண்டும். ஒன்று, தக்க சமயத்தில் கிடைக்கும் சரியான அறிவு. மற்றொன்று, வேலையையும் விளைவையும் பகிர்ந்துகொள்வதில் உறுப்பினரிடையே நிலவும் நம்பிக்கை. இவ்விரண்டுக்கும் கைபேசி எவ்வாறு துணை செய்யக்கூடும், அதற்கான செயலியை அமைப்போர் எவற்றைக் கவனத்திற் கொள்ளவேண்டும் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வயலும் ஆராய்ச்சிக்கூடமும்

ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டுசெல்வது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் முயற்சியாகும். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டமும், அதற்கு அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விஸ்தரிப்புச் சேவையும் தொடங்கின. கிராம சேவகர் ஊர் ஊராகச் சென்று புதிய முறைகளை எடுத்துரைத்தார். பின்னர் வானொலி அப்பணியில் பங்கு கொண்டது. தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைப்பற்றி வானொலி வாயிலாகவே அறிந்து பயிரிட்டமையால், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 2004 ஜனவரியில் உழவர் அழைப்பு மையங்கள் ஏற்பட்டன. உழவர் கட்டணமின்றித் தொலைபேசியில் கேள்வி கேட்டுத் தம் மொழியிலேயே விடை பெற அவை வழிசெய்தன. 2019-இல் இந்திய வானிலைத் துறையும், இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையமும், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 'மேகதூத்' என்னும் செயலியை வெளியிட்டன. வானிலை முன்னறிவிப்பை ஒட்டிய பயிர் யோசனைகளை மாவட்டவாரியாக அளிப்பது அதன் நோக்கமாகும்.

செயலி என்பது கைபேசியில் இயங்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்றேயாகும். அது செய்திகளைப் பெற்றுக்கொள்கிறது, கணக்கிடுகிறது, விடையைத் திரையிலோ குரலிலோ தருகிறது. மேற்கூறிய ஏற்பாடுகள் யாவும் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் ஓரிரு பயிர்களைச் சாகுபடி செய்யும் உழவரை முன்னிட்டு அமைந்தவை. கூட்டுத் தோட்டக்காரரின் நிலை வேறு. நான்கு சதுர மீட்டர்ப் பாத்தியில் அவர் தக்காளி, வெண்டை, கொத்தவரை, முளைக்கீரை ஆகியவற்றை ஒருங்கே வளர்க்கிறார். அவருள் பலர் இதற்கு முன் ஒரு விதைகூட ஊன்றி அறியாதவர். அவருடைய கேள்விகள் நான்கே: எதை எப்போது விதைப்பது? எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது? இலையில் தோன்றிய புள்ளி யாது? இன்று முறை யாருடையது? நல்ல செயலி இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கூறுவதாக இருக்கவேண்டும். நூறு வசதிகளைத் திரையில் நிரப்புவதைவிட இவற்றைச் செம்மையாகச் செய்வதே சிறப்பு.

நிலத்தின் கடந்த காலம்

இந்நான்கு கேள்விகளுக்கும் முன்னதாகச் செயலியே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது, 'இந்த இடத்தில் இதற்கு முன் என்ன இருந்தது?' என்பது. நகரத்துக் காலி மனை, பழைய சாய வேலைக் கூடமாகவோ, பழைய மின்கலங்களை உடைத்த இடமாகவோ, இடிக்கப்பட்ட கட்டடத்தின் சிதைவு கொட்டிய இடமாகவோ இருந்திருக்கலாம். அங்கே மண்ணில் காரீயம் தங்கியிருக்கக்கூடும். காரீயம் எளிதில் மறைவதன்று. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருந்தீங்கு செய்யும். 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் மண்ணின் 12 பண்புகள் அளக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமிலத் தன்மை முதலியன அவற்றில் அடங்கும், காரீயம் அடங்காது. ஆகையால், ஐயத்துக்குரிய நிலத்தில் இதற்கெனத் தனிப் பரிசோதனை செய்விக்க வேண்டும் என்றும், முடிவு தெரியும்வரையில் வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணை இட்ட தொட்டிகளில் பயிரிடுவதே நலம் என்றும் செயலி முதல் நாளிலேயே அறிவிக்கவேண்டும். விதைப்புக்குப் பின் கூறப்படும் எச்சரிக்கையால் பயன் குறைவு.

விதைக்கும் காலம்

விதைப்பு நாட்காட்டி தயாரிப்பது எளிது போலத் தோன்றும். மாதங்களை ஒரு புறமும் பயிர்களை மறு புறமும் எழுதிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுவர். இந்தியா போன்ற பரந்த நாட்டில் அது பெரும் பிழையாக முடியும். தட்பவெப்பம், மண், மழை ஆகியவற்றை ஒட்டி நாடு 15 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெங்களூரில் ஒரு பயிர் செழிக்கும் மாதத்தில் டில்லியில் அதே பயிர் குளிரால் கருகக்கூடும்.

பயிர் மட்டுமின்றி அதன் இரகமும் இங்கே முக்கியமானது. காலிபிளவர் இதற்குச் சிறந்த உதாரணம். வட இந்தியச் சமவெளியில் இதன் முன்பருவ இரகங்கள் வெப்பமான நாட்களில் பூக்கும் இயல்புடையன. பூசா ஸ்னோபால் கே-1 போன்ற பின்பருவ இரகங்களுக்கோ நல்ல குளிர் வேண்டும். முன்பருவ இரகத்தைக் காலம் தாழ்த்தி நட்டால், செடி வளருமுன்பே குளிரால் தூண்டப்பட்டுப் பொத்தான் அளவில் பூ விட்டு நின்றுவிடும். பின்பருவ இரகத்தை முன்னதாக நட்டாலோ, இலைகள் தழைத்துக்கொண்டே போகும்; பூ தோன்றாது. இரண்டு தோட்டக்காரர்களும் விதையை நொந்துகொள்வர். உண்மையில் விதையில் பழுதில்லை, நாளில்தான் பழுது.

ஆகவே, செயலி இருப்பிடத்தையும் இரகத்தின் பெயரையும் சேர்த்தே கேட்கவேண்டும். விதைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் இரகப் பெயரைப் படம் பிடித்தால் அதுவே படித்துக்கொள்ளுமாறு செய்வது மிக்க உபயோகமாகும். இரகம் தெரியாதபோது, நாளைத் துணிந்து கூறாமல், அண்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுமாறு சொல்வதே நேர்மை.

தண்ணீர்க் கணக்கு

செடிக்கு நாள்தோறும் எவ்வளவு தண்ணீர் தேவை? மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீரும், இலைகளின் வழியே வெளியேறும் நீரும் சேர்ந்ததே பயிரின் நீர்ச்செலவு. வெயில், வெப்பம், காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம் ஆகிய நான்கும் அதை நிர்ணயிக்கின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 1998-இல் வெளியிட்ட 56-ஆம் எண் ஆய்வேட்டில் இதற்கான கணக்குமுறை விவரிக்கப்பட்டுள்ளது. நன்கு நீர் பாய்ச்சிய குட்டைப் புல்வெளி ஒன்று அன்றைய வானிலையில் இழக்கும் நீரை முதலில் மில்லிமீட்டரில் கணக்கிடவேண்டும். பிறகு அதைப் பயிருக்கும் வளர்ச்சிப் பருவத்துக்கும் உரிய குணகத்தால் பெருக்கவேண்டும். தக்காளிக்கு இளம் பருவத்தில் இக்குணகம் 0.6, முழு வளர்ச்சியில் 1.15.

ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டராகும். இவ்வொரு செய்தியைக்கொண்டு மற்றவற்றை எளிதில் கணக்கிடலாம். நான்கு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தக்காளிப் பாத்தி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கோடை நாளொன்றில் புல்வெளியின் நீர்ச்செலவு 6 மில்லிமீட்டர் என்றால், இளம் நாற்றுகள் உள்ள பாத்திக்கு 6-ஐ 0.6-ஆலும் 4-ஆலும் பெருக்க, 14.4 லிட்டர் வருகிறது. காய்ப்பிலுள்ள பாத்திக்கோ 27.6 லிட்டர் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 13.2 லிட்டர். இருபது பாத்திகளிலும் இளம் நாற்றுகள் இருக்கையில் முழுச் செடிக்குரிய நீரை ஊற்றினால், நாளொன்றுக்கு 264 லிட்டர் வீணாகும். லாரியில் தண்ணீர் வந்து இறங்கும் குடியிருப்பில் இது சிறிய தொகையன்று. வீணாவதோடு நில்லாமல், மிகுந்த ஈரம் நாற்றழுகல் நோய்க்கு இடந்தரும். தழைச்சத்தை வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இழுத்துச் செல்லும்.

இக்கணக்கைச் செயலி நொடிப்பொழுதில் முடித்துவிடும். ஆனால் விடையை எவ்வாறு கூறுகிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும். '27.6 லிட்டர்' என்று திரையில் தோன்றினால் தோட்டத்தில் நிற்பவருக்கு அது புரிபடாது. அவர் கையிலிருப்பது பத்து லிட்டர்ப் பூவாளி. ஆகவே, 'ஏறக்குறைய மூன்று பூவாளி' என்றே சொல்லவேண்டும். முந்தின இரவு பத்து மில்லிமீட்டர் மழை பெய்திருந்தால், அப்பாத்தியின்மேல் 40 லிட்டர் விழுந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி வழிந்தோடியிருந்தாலும், 'இன்று ஊற்ற வேண்டாம்' என்று சொல்லலாம்.

எனினும், வானிலை அறிவிப்பு மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ உரியது. சுவரின் நிழலில் உள்ள பாத்தியையும், மொட்டை மாடியின் வெப்பத்தில் காயும் தொட்டியையும் அது அறியாது. தொட்டி மண் நிலத்து மண்ணைவிட விரைவில் உலரும். இதனால் செயலி தன் கணக்கைத் தோட்டக்காரரின் விரலால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 'இரு விரற்கடை ஆழத்தில் மண் ஈரமாக உள்ளதா, உலர்ந்துள்ளதா?' என்ற ஒரே கேள்வி இதற்குப் போதும். ஈரம் என்ற விடை தொடர்ந்து வந்தால் அப்பாத்தியின் கணக்கு குறைக்கப்படும். உலர்ந்தது என்ற விடை வந்தால் கூட்டப்படும். சில வாரங்களில் ஒவ்வொரு பாத்திக்கும் அதற்கே உரிய அளவு அமைந்துவிடும்.

இலையின் படமும் நோயின் பெயரும்

வாடிய இலையைக் கைபேசியில் படம் பிடித்தவுடன் நோயின் பெயர் தோன்றுவது வியப்பைத் தரும் வசதியாகும். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்குவதால் இது கைகூடுகிறது. ஆனால் இவ்வசதியைப்பற்றி எச்சரிக்கையும் தேவை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 14 பயிர்களையும் 26 நோய்களையும் சேர்ந்த 54,306 இலைப் படங்கள் உபயோகிக்கப்பட்டன. பழக்கும்போது காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் கணிப்பொறி 100-க்கு 99-க்கு மேல் சரியான விடை கூறியது. ஆனால், வேறு சூழ்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோது, அதன் திறமை 100-க்கு 31 என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இதனை அவ்வாராய்ச்சியாளர்களே எடுத்துக் காட்டினர்.

இதற்குக் காரணம் யாது? பழக்குவதற்கு உதவிய படங்களில் தனி இலை ஒன்று ஒரே நிறமுள்ள பின்புலத்தில் வைக்கப்பட்டிருந்தது. தோட்டத்திலோ இலைமேல் இலை கிடக்கிறது, நிழல் விழுகிறது, மண்ணும் கையும் படத்தில் சேர்கின்றன. பாடப் புத்தகத்தின் கணக்குகளையே மனப்பாடம் செய்த மாணவன் புதிய வினாவில் தடுமாறுவதை ஒத்தது இது. 2016-க்குப் பின் இம்முறைகள் பெரிதும் முன்னேறியுள்ளன. பயிர்ப் பூச்சிகளைக் கைபேசிப் படங்களால் கண்டறிய உதவும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை 2024 ஆகஸ்டில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. எனினும், பழகிய சூழலில் பெற்ற மதிப்பெண்ணைப் புதிய சூழலுக்கும் உரியதாகக் கொள்ளக் கூடாது என்னும் பாடம் இன்றும் பொருந்தும்.

இலை மஞ்சளாவதை எடுத்துக்காட்டாகக் கூறலாம். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகும். ஆனால் நரம்புகள் பசுமையாகவே இருக்கும். வெண்டையைத் தாக்கும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயிலோ இது தலைகீழாகும். நரம்புகள் மஞ்சளாகி, இடைப்பட்ட பகுதி தொடக்கத்தில் பசுமையாக இருக்கும். தண்ணீர் மிகுந்தாலும் இலை மஞ்சளாகும். முதலாவதற்கு எரு வேண்டும். இரண்டாவதற்கு இரும்புச்சத்து வேண்டும். நான்காவதற்குத் தண்ணீரைக் குறைக்கவேண்டும். மூன்றாவதற்கோ மருந்தே இல்லை. அது வெள்ளை ஈயால் பரவும் வைரஸ் நோய். நோயுற்ற செடியைப் பிடுங்கி அகற்றுவதும், அடுத்த பருவத்தில் நோய் தாங்கும் இரகத்தை விதைப்பதுமே வழி. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா அனாமிகா அத்தகைய இரகமாகும். எனினும், வைரஸ் மாறிவருவதால் இரகங்களின் தாங்கும் திறன் நாளடைவில் சில இடங்களில் தளர்வதுண்டு. ஆகவே, இரகங்களைப்பற்றிய செய்தியைச் செயலி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்வது அவசியம்.

எனவே, படத்தைக் கண்டவுடன் ஒரே பெயரைக் கூறிவிடும் செயலியைவிட, இரண்டு மூன்று சாத்தியங்களைக் காட்டி, 'முதிர்ந்த இலையா, இளம் இலையா? நரம்பு என்ன நிறம்? இலையின் அடியில் சிறு வெண்ணிறப் பூச்சிகள் பறக்கின்றனவா?' என்று வினவும் செயலியே சிறந்தது. அவ்வாறு வினவுவதால் தோட்டக்காரரும் இலையை உற்று நோக்கப் பழகுகிறார். விடை தெளிவாகாதபோது, 'தெரியவில்லை' என்று சொல்லும் துணிவும் செயலிக்கு வேண்டும்.

தவறான பெயரால் விளையும் தீங்கு சிறியதன்று. பொறிவண்டின் புழு பார்ப்பதற்கு அச்சம் தருவது. கறுத்த உடலும் முட்கள் போன்ற புடைப்புகளும் உடையது. அது செடியைத் தின்னும் என்று எண்ணி மருந்து தெளிப்பவர், உண்மையில் அசுவினியை உண்டு அழிக்கும் தம் நண்பனையே கொல்கிறார். ஆதலால் பகைப் பூச்சிகளோடு நன்மை செய்யும் பூச்சிகளின் படங்களும் செயலியில் இடம்பெற வேண்டும்.

இரசாயன மருந்தைச் செயலி தானே சிபாரிசு செய்யாதிருப்பது நல்லது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படி, ஒவ்வொரு மருந்தும் இன்ன பயிரில் இன்ன பூச்சிக்கு என்றே பதிவு பெறுகிறது. தெளித்தபின் அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரையறையும் உண்டு. பல பயிர்கள் நெருங்கி நிற்கும் கூட்டுத் தோட்டத்தில் இவ்வரையறையைக் காப்பது அரிது. தக்காளிக்கு உரிய காத்திருப்பு நாட்கள் முடியுமுன்பே பக்கத்துக் கீரை பறிக்கப்பட்டுவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி, பூச்சியைக் கையால் அகற்றுதல், வேப்பெண்ணெய்க் கரைசல் ஆகியவற்றை முதலில் கூறி, அவற்றுக்கும் மிஞ்சியபோது வேளாண் அலுவலரின் யோசனையை நாடுமாறு செய்வதே முறை. எது தெளிக்கப்பட்டாலும், அந்தப் பாத்தியும் அதை அடுத்த பாத்திகளும் எந்த நாள்வரை பறிக்கத்தகாதவை என்பது எல்லா உறுப்பினரின் திரையிலும் தெரியவேண்டும்.

இன்று முறை யாருடையது?

கூட்டுத் தோட்டத்தின் உயிர்நாடி இக்கேள்வியே. ஒரு பாத்திக்குக் காலை 6.30-க்கு ஒருவர் நீர் ஊற்றுகிறார். 6.50-க்கு மற்றொருவர் வந்து, அதை அறியாமல் மறுபடியும் ஊற்றுகிறார். இருவரும் தத்தம் கைபேசியில் குறித்துக்கொள்கின்றனர். ஆனால் அங்கே அலைத்தொடர்பு இல்லை. பின்னர்த் தொடர்பு கிடைக்கும்போது இரு குறிப்புகளும் மைய ஏட்டில் சேரவேண்டும். பிந்திய குறிப்பு முந்தியதை அழித்துவிடுமாறு செயலியை அமைத்தால், இருமுறை நீர் ஊற்றியது மறைந்துபோகும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதியதை அழிப்பதில்லை; பிழையிருந்தால் புதிய வரியால் திருத்துகிறார். செயலியின் ஏடும் அவ்வாறே அமையவேண்டும். ஒவ்வொரு குறிப்பும் நேரத்தோடு தனி வரியாக நிற்கவேண்டும், எதுவும் அழியலாகாது.

ஆயினும், அலைத்தொடர்பு இல்லாத நேரத்தில் இரண்டாவது முறை ஊற்றுவதை எந்தச் செயலியாலும் தடுக்க இயலாது. அதைத் தடுக்கவல்லது, பாத்தியின் தலைமாட்டில் தொங்கும் சிறு மரச்சீட்டு ஒன்றேயாகும். நீர் ஊற்றியவர் அதைத் திருப்பி வைத்தால், அடுத்து வருபவர் பார்த்ததும் அறிந்துகொள்வார். கைபேசி இல்லாத முதியவருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும், சிறுவருக்கும் அது விளங்கும். செயலியை அமைப்போர் எல்லாவற்றையும் திரைக்குள் அடைக்க முற்படலாகாது என்பதற்கு இஃதோர் உதாரணம். வாரத்துக்கொரு முறை முறைப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுத் தோட்டத்து வாயிலில் ஒட்டும் வசதியையும் செயலி தரவேண்டும்.

பொதுச் சொத்துக்களை மக்கள் தாமே எவ்வாறு காத்து வருகின்றனர் என்பதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நீண்ட காலம் நிலைத்த பொது ஏற்பாடுகளில் சில பொதுப் பண்புகளை அவர் கண்டார். விதிகளுக்கு உட்பட்டவர்களே அவற்றை மாற்றும் உரிமை பெற்றிருந்தனர். கண்காணிப்பு வெளியாரிடம் இல்லாமல் உறுப்பினரிடமோ அவர்களுக்குப் பொறுப்பானவரிடமோ இருந்தது. தவறியவருக்கு முதலில் சிறு தண்டனையும், தொடர்ந்து தவறினால் மட்டுமே பெருந்தண்டனையும் அளிக்கப்பட்டன.

செயலியின் அமைப்புக்கு இவை நேரே பொருந்தும். முறை தவறியவரின் பெயரை எல்லோருக்கும் சிவப்பெழுத்தில் காட்டும் செயலி, அவரை நாணச் செய்து தோட்டத்தைவிட்டே விரட்டும். மாறாக, 'இன்று வர இயலவில்லை' என்று முன்கூட்டியே அறிவித்து, வேறொருவரோடு முறையை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் செயலி அவரைத் தோட்டத்தில் இருத்தும். விளைச்சலை வேலைக்கேற்பப் பங்கிடுவதா, சமமாகப் பங்கிடுவதா என்பதைச் செயலி தீர்மானிக்கக் கூடாது. அதை உறுப்பினர் கூடித் தீர்மானிக்க, செயலி அதன்படி கணக்குப் போட்டால் போதும்.

மொழியும் கண்ணும் கையும்

நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. கைபேசிச் சேவைகளை இம்மொழிகளில் பேச்சாகவும் எழுத்தாகவும் தருவதற்கு உதவும் 'பாஷிணி' என்னும் ஏற்பாட்டை மத்திய அரசாங்கம் 2022-இல் தொடங்கியது. ஆனால் தோட்டத்து மொழியைப் பொறுத்தவரை, இயந்திர மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தமிழில் வெண்டை, கன்னடத்தில் பெண்டெ, மராத்தியில் பேண்டி, இந்தியில் பிண்டி எனப்படுவது ஒரே காய். பூச்சிகளுக்கோ மாவட்டத்துக்கொரு பெயர் உண்டு. ஒரே குடியிருப்பில் நான்கு மொழி பேசுவோர் சேர்ந்து பயிரிடுவது நகரங்களில் இயல்பு. ஆகவே, ஒவ்வொரு பயிருக்கும் படமும், எல்லா மொழிப் பெயர்களும், உறுப்பினர் தாமே சேர்க்கும் வட்டாரப் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

தோட்டத்தில் நிற்பவரின் கை ஈரமாகவும் மண்ணாகவும் இருக்கும். நடுப்பகல் வெயிலில் திரை மங்கித் தெரியும். பெரிய பொத்தான்களும், அழுத்தமான கறுப்பு வெள்ளை எழுத்தும், குரலில் கேட்டுக் குரலில் விடை பெறும் வசதியும் இதனால் தேவையாகின்றன. ஆண்களுள் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றா. ஆதலால் நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் அடையாளமாக உபயோகிக்க வேண்டும். விலை குறைந்த பழைய கைபேசியிலும் இது இயங்கவேண்டும்.

தோட்டத்தில் எடுக்கும் படங்களில் இடம், நேரம், சில சமயம் குழந்தைகளின் முகங்கள்கூடப் பதிகின்றன. எண்வழித் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. குழந்தைகளைப்பற்றிய செய்திகளைக் கையாள்வதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இலைப் படத்துக்குத் தேவையற்ற எதனையும் சேகரிக்காதிருப்பதே மிக எளிய பாதுகாப்பாகும்.

பருவமே பரீட்சை

செயலியைக் கணிப்பொறியில் எழுதுவதற்கு முன் காகிதத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு திரையையும் ஓர் அட்டையில் வரைந்து, தோட்டக்காரர் சிலரிடம் கொடுத்து, 'இப்பாத்திக்கு இன்று எவ்வளவு நீர் என்று கண்டுபிடியுங்கள்' என்று கேட்டு, வாய் பேசாமல் கவனித்தால், எங்கே தடுமாறுகிறார்கள் என்பது வெளிப்பட்டுவிடும். அட்டையைக் கிழித்து வேறொன்று வரையச் செலவு ஏதுமில்லை.

அதன்பின் ஒரு முழுப் பருவம் சோதிக்கவேண்டும். பாத்திகளிற் பாதியைச் செயலியின் யோசனைப்படியும், மறுபாதியைப் பழைய வழக்கப்படியும் பராமரித்து, செலவான நீர், அழுகிய நாற்றுகள், பறித்த காய்களின் எடை ஆகியவற்றை ஒப்பிடலாம். இவற்றோடு மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அது பருவத் தொடக்கத்தில் வந்தவர்களுள் முடிவிலும் வருகிறவர் எத்தனை பேர் என்பது. விளைச்சல் பெருகி, கைபேசி இல்லாத முதியோர் விலகிவிட்டிருந்தால், அச்செயலி வெற்றி பெற்றதாகக் கொள்ள இயலாது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும், எந்த மூலையில் நீர் தேங்கும் என்பவற்றைப் பல ஆண்டுகளாகக் கண்டறிந்தவர்கள் பெரும்பாலும் அம்முதியோரே. அவர்கள் சொல்வதைக் குரலாகப் பதிந்து, அவர்களுடைய பெயரோடு தோட்டத்தின் ஏட்டில் சேர்த்துவைப்பது செயலி ஆற்றக்கூடிய நற்பணிகளுள் ஒன்றாகும்.

செயலி மண்ணைக் கிளறாது, களை எடுக்காது, சண்டையைத் தீர்க்காது. எத்தனை பூவாளி நீர், எந்த நாளில் விதைப்பு, எந்த இலையைத் திருப்பிப் பார்ப்பது என்பவற்றை அது கூறும். தண்ணீரும் நல்லுணவும் அருகிவரும் நகரங்களில் இவ்வளவே பெரும் உதவியாகும். நாளடைவில் தோட்டக்காரர், மண்ணைத் தொட்டுப் பார்த்தே நீரின் அளவையும், நரம்பின் நிறத்தைக் கண்டே நோயையும் அறியக் கற்றுக்கொள்வர். அந்நிலையில் கைபேசியை அவர்கள் எடுத்துப் பார்ப்பது குறைந்துபோனால், செயலியை அமைத்தவர்கள் அதுபற்றி வருந்த வேண்டியதில்லை. அவர்கள் மேற்கொண்ட பணி நிறைவேறியது என்பதற்கு அதுவே அடையாளமாகும்.